ஐபிஎல் கணிப்பு பலிக்க எவ்வளவு வாய்ப்பு? நீங்களே கணக்குப் போடலாம்

மார்ச் பிறந்தால் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு எக்செல் கோப்பு வலம் வர ஆரம்பித்துவிடும். பிளே-ஆஃப் போகும் நான்கு அணிகள் எவை, கோப்பை யாருக்கு என்று ஆளுக்கொரு வரிசை நிரப்புவார்கள். சீசன் முடிந்ததும் யாராவது ஒருவர் "அன்னைக்கே சொன்னேன்ல" என்பார். அவர் சொன்னது பலிக்க முதலில் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டால் பதில் வராது. அதைப் போட்டுப் பார்க்க பிளஸ் டூ நிகழ்தகவுப் பாடமும் ஒரு எக்செல் கோப்பும் போதும்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

"ஐபிஎல்லைச் சரியாகக் கணிப்பது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பத்து அணிகள், அணிக்கு 14 லீக் ஆட்டங்கள், ஆக மொத்தம் 70. அதற்கு மேல் பிளே-ஆஃபில் 4. இதை வைத்துக்கொண்டு, எந்த அணியைப் பற்றியும் எதுவும் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பலிக்கும் வாய்ப்பு இப்படி:

கோப்பை யாருக்கு: 10-ல் 1.
பிளே-ஆஃப் போகும் நால்வர், வரிசை வேண்டாம்: 210-ல் 1.
அதே நால்வர், புள்ளிப் பட்டியல் வரிசைப்படி: 5,040-ல் 1 (10 × 9 × 8 × 7).
வரிசையோடு பிளே-ஆஃப் ஆட்டங்கள் நான்கின் முடிவும்: 80,640-ல் 1 (மேலே உள்ளதை 16-ஆல் பெருக்கினால்).
லீக் ஆட்டங்கள் எழுபதின் முடிவும்: 2-ஐ எழுபது முறை பெருக்க வேண்டும். கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடியும் கோடியால் பெருக்கினால் வருவதைவிடக் கொஞ்சம் பெரிய எண். அதில் 1.

நான்கு அணிகளையும் சரியாகச் சொல்வது கடினம்தான். ஆனால் "நாலுல ரெண்டு சொல்லிட்டேன்" என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குருட்டாம்போக்கில் நான்கு பெயர் எழுதினாலும் குறைந்தது இரண்டு சரியாக அமைய 55% வாய்ப்பு உண்டு (210-ல் 115 வழிகள்). மூன்று சரி என்றால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்: சரியாக மூன்று அமைவது 210-ல் 24, அதாவது 11%.

மழையை மறக்காதீர்கள். 2024 சீசனில் மூன்று ஆட்டங்கள் கைவிடப்பட்டு ஆளுக்கு ஒரு புள்ளி பகிரப்பட்டது. அப்படிப்பட்ட ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். மே மாதத்தில் முடிவு செய்தால் குழு இரண்டாகப் பிளக்கும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சதவீதம்

பூவா தலையா போட்டுத்தான் எல்லா ஆட்டமும் தீர்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. சரி, உங்களுக்கு விவரம் தெரியும், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கும் அணியை 60% சரியாகச் சொல்வீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 0.6-ஐ எழுபது முறை பெருக்கினால் எழுபதும் சரியாவதற்கு 34 கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. 70% என்றால் சுமார் 7,000 கோடியில் ஒன்று. நடக்கவே முடியாத 90% துல்லியத்துக்குக்கூட 1,600-ல் ஒன்றுதான். எனவே "எல்லாம் சரி" என்ற இலக்கை விட்டுவிட்டு "எத்தனை சரி" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அணிகளின் பலத்தை எண்ணாக்க வேண்டும். செஸ் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான ஈலோ முறையே இதற்கு எளிது. ஃபிஃபாகூட 2018 முதல் ஆண்கள் அணிகளின் தரவரிசைக்கு இதன் அடிப்படையில் அமைந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. எல்லா அணிக்கும் 1500 புள்ளி கொடுத்து ஆரம்பியுங்கள். இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை 400-ஆல் வகுத்து, 10-ஐ அந்த அளவுக்கு எதிர்மறை அடுக்காக்கி, 1 கூட்டி, 1-ஐ அதனால் வகுத்தால் பலமான அணி ஜெயிக்கும் வாய்ப்பு கிடைக்கும். வித்தியாசம் 35 என்றால் 55%, 70 என்றால் 60%, 100 என்றால் 64%.

ஆட்டம் முடிந்ததும் புள்ளியைத் திருத்த வேண்டும். 1570 உள்ள அணியை 1500 உள்ள அணி வீழ்த்தியது என்று வையுங்கள். ஜெயித்த அணிக்கு இருந்த வாய்ப்பு 40%, அதாவது 0.4. கிடைத்தது 1. வித்தியாசம் 0.6. அதை 20-ஆல் பெருக்கினால் 12. ஒருவருக்கு 12 கூட்டி, மற்றவருக்கு 12 கழியுங்கள். 20 என்ற அந்தப் பெருக்கி உங்கள் கையில் இருக்கிறது. 40 வைத்தால் இரண்டு வெற்றிக்கே அணி வானத்துக்குப் போய்விடும், 5 வைத்தால் சீசன் பாதி தாண்டியும் எண் அசையாது. சொந்த மைதானத்துக்கு 25 புள்ளி கூட்டிப் பாருங்கள், 53–54% பக்கம் வரும். டி20-யில் எந்த ஆட்டத்துக்கும் 70%-க்கு மேல் கொடுக்கத் தோன்றினால், அந்த எண்ணைக் கணக்கு கொடுத்ததா, ஆசை கொடுத்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் போன ஆண்டின் புள்ளிப் பட்டியலை அப்படியே நம்புவதுதான். ஹைதராபாத் 2023-ல் கடைசி, 2024-ல் இரண்டாமிடம். மும்பை 2024-ல் கடைசி, 2025-ல் நான்காமிடம். பஞ்சாப் 2024-ல் ஒன்பதாமிடம், அடுத்த ஆண்டு முதலிடம். சென்னை 2024-ல் ஐந்தாமிடம், 2025-ல் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி. 14 ஆட்டம் என்பது பலத்தை அளக்கச் சின்னப் படி, அதோடு ஏலத்தில் அணியே மாறிவிடுகிறது. அதனால் சீசன் தொடங்கும் முன் எல்லா அணியின் புள்ளியையும் 1500 நோக்கி மூன்றில் ஒரு பங்கு இழுங்கள். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்ததுபோல் மெகா ஏலம் (பெரும்பாலான வீரர்கள் மறுபடி ஏலத்துக்கு வருவது) நடந்திருந்தால் பாதி இழுங்கள். 1580 இருந்தால் 1540.

பத்து ரன்

புள்ளிகள் சமமானால் பெரும்பாலும் நெட் ரன் ரேட்தான் (ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னைக் கழித்தால் வருவது) தீர்மானிக்கும். இதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு முன், அது எவ்வளவு மெல்லிய இழை என்பதைப் பார்த்துவிடலாம். 2024 மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானம். பெங்களூரு 218 எடுத்தது. சென்னை ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, 201 எட்டினாலே பிளே-ஆஃப். கடைசி ஓவரில் 17 தேவை. யஷ் தயாள் போட்ட முதல் பந்து தோனியின் மட்டையில் பட்டு சிக்சர். அடுத்த பந்தில் தோனி அவுட். மீதி நான்கு பந்துகளில் ஒரே ஒரு ரன். 191-ல் முடிந்தது. பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ நான்கும் 14 புள்ளியில் நிற்க, 0.459 ரன் ரேட்டோடு பெங்களூரு உள்ளே போனது. சென்னையின் ரன் ரேட் 0.392.

"நான்காவது அணி சென்னை" என்று எழுதியவரும் "பெங்களூரு" என்று எழுதியவரும் அறிவில் ஒன்றுதான். ஒருவருக்கு நாலுக்கு நாலு, இன்னொருவருக்கு மூன்று. பரிசு வித்தியாசம் பத்து ரன். ரன் ரேட்டைத் துல்லியமாகக் கணிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். சமப்புள்ளி வந்தால் சீட்டுக் குலுக்கல் போல எண் போட்டுப் பிரித்துவிடுங்கள், போதும்.

பிளே-ஆஃப்: இடம்தான் பாதி ஆட்டம்

பலரும் கவனிக்காத பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் குவாலிஃபயர் 1-ல் மோதும், ஜெயித்தவர் நேராக இறுதிக்குப் போவார். 3, 4-ஆம் இடத்தவர் எலிமினேட்டரில் மோத, ஜெயித்தவர் குவாலிஃபயர் 1-ல் தோற்றவரைச் சந்திப்பார். அதில் ஜெயித்தவருக்கு இறுதியில் மற்ற இடம்.

நான்கு அணிகளும் சம பலம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதலிடத்தில் இருக்கும் அணி இரண்டு வழியில் கோப்பை வாங்கலாம். இரண்டு ஆட்டமும் ஜெயித்து: ½ × ½ = ¼. அல்லது முதலில் தோற்று, பிறகு இரண்டை ஜெயித்து: ½ × ½ × ½ = ⅛. கூட்டினால் ⅜, அதாவது 37.5%. இரண்டாமிடத்துக்கும் இதேதான். மூன்றாம், நான்காம் இடத்தவர் மூன்று ஆட்டமும் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும்: ⅛, அதாவது 12.5%. பலம் ஒன்றாகவே இருந்தும், நிற்கும் இடத்துக்காக மட்டும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது.

பலமான அணிக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு ஆட்டத்திலும் 60% வாய்ப்புள்ள அணி முதல் இரண்டில் முடித்தால் கோப்பைக்கு 50.4% (0.36 + 0.144). அதே அணி மூன்றாமிடத்தில் முடித்தால் 21.6%.

வரலாறு என்ன சொல்கிறது? இந்த முறை 2011-ல் வந்தது. 2025 வரை 15 சீசன்களில் முதலிடத்தில் முடித்த அணி 5 முறை, இரண்டாமிடத்தில் முடித்த அணி 9 முறை, மூன்றாமிடத்தில் முடித்த அணி ஒரே ஒருமுறை (2016, ஹைதராபாத்) கோப்பை வாங்கின. நான்காமிடம் ஒருமுறைகூட இல்லை. உடனே "இரண்டாமிடம்தான் ராசி" என்று கிளம்புவார்கள். 14 முறை நாணயம் சுண்டினால் 9-5 என்றோ அதைவிடச் சாய்வாகவோ விழ 42% வாய்ப்பு இருக்கிறது. இதில் ராசியும் இல்லை, உத்தியும் இல்லை. ஆனால் 15-ல் 14 முறை முதலிரண்டு அணிகளுக்கே கோப்பை போனதில் விஷயம் இருக்கிறது: வெறும் நாணயக் கணக்கே 11 முறையை எதிர்பார்க்கும், மீதி ஏற்றம் பலத்தாலும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம்.

இதை வைத்து சீசனுக்கு முன்பே கோப்பை வாய்ப்பைப் போடலாம். உங்கள் அணி முதலிரண்டில் முடிக்க 30%, மூன்று அல்லது நான்கில் முடிக்க 25%, பிளே-ஆஃபில் ஆட்டத்துக்கு 55% வாய்ப்பு என்று மதிப்பிட்டால்: 0.30 × 0.439 + 0.25 × 0.166 = 0.173. பதினேழு சதவீதம். இவ்வளவு தாராளமாக மதிப்பிட்ட அணிக்கே இதுதான் நிலை என்றால், ஏப்ரலில் "கப் நமக்குத்தான்" என்பவரின் பேச்சை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நீங்களே பாருங்கள்.

எக்செலில் ஆயிரம் சீசன் ஓட்டுவது

30%, 25% என்ற எண்கள் எங்கிருந்து வரும்? சீசனைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் வரும்.

ஒரு தாளில் 70 வரிசைகள். முதல் பத்தியில் ஒரு அணி, இரண்டாவதில் எதிரணி, மூன்றாவதில் முதல் அணி ஜெயிக்கும் வாய்ப்பு. நான்காவதில், ரேண்ட் (RAND) சார்பு 0-க்கும் 1-க்கும் இடையில் குலுக்கித் தரும் எண் மூன்றாம் பத்தியில் உள்ளதைவிடக் குறைவு என்றால் முதல் அணியின் பெயர், இல்லையென்றால் எதிரணியின் பெயர். அட்டவணையை உண்மையானதையே வையுங்கள். ஐபிஎல்லில் எல்லோரும் எல்லோரோடும் இருமுறை ஆடுவதில்லை. ஒரு அணி ஐந்து அணிகளோடு இருமுறையும் நான்கு அணிகளோடு ஒருமுறையும் ஆடுகிறது. அந்த ஐந்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம்.

பக்கத்தில் பத்து அணிகளின் வெற்றிகளைக் கவுன்ட்இஃப் (COUNTIF) சார்பின் மூலம் எண்ணி, இரண்டால் பெருக்கிப் புள்ளியாக்குங்கள். சமப்புள்ளியைப் பிரிக்க, ஒவ்வொன்றோடும் ரேண்டை 100-ஆல் வகுத்துக் கூட்டினால் குலுக்கல் தானாக நடந்துவிடும். பிறகு ரேங்க். ஆயிரம் முறை ஓட்ட 'வாட்-இஃப் அனாலிசிஸ்' பட்டியலில் உள்ள டேட்டா டேபிளைப் பயன்படுத்துங்கள்: இடது ஓரத்தில் 1 முதல் 1000 வரை எண்கள், மேல் வரிசையில் பத்து அணிகளின் ரேங்க், 'காலம் இன்புட்' (Column input cell) கேட்கும் இடத்தில் ஏதாவது ஒரு காலிக் கட்டம். காலிக் கட்டத்தைக் கொடுப்பது தப்பு போலத் தோன்றும், அதுதான் சரி. முடிவு வந்ததும் மதிப்புகளை மட்டும் வேறு தாளில் ஒட்டிவிடுங்கள். கோப்பில் எதைத் தொட்டாலும் ரேண்ட் மறுபடி உருளும், காலையில் பார்த்த எண் மாலையில் இருக்காது.

ஆயிரம் ஓட்டத்தில் 10% என்று வரும் எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி பிழை உண்டு. 10.4%, 10.9% என்று தசமத்துக்குச் சண்டை போட வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான ஓட்டை. மேலே சொன்ன தாள் 70 ஆட்டங்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு அணியின் பலத்தை நீங்கள் தவறாக மதிப்பிட்டால், தவறு ஒரு ஆட்டத்தோடு நிற்காது. அந்த அணியின் 14 ஆட்டத்திலும் ஒரே பக்கமாகத் தவறுவீர்கள். சரிசெய்ய, ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒவ்வொரு அணியின் ஈலோவையும் சற்றே ஆட்டிவிடுங்கள்: நார்ம்.இன்வ் (NORM.INV) சார்புக்குள் ரேண்ட், 0, 55 என மூன்றைக் கொடுத்து வரும் எண்ணைக் கூட்ட வேண்டும். ஆட்டத்துக்கு 50% உள்ள சராசரி அணி 10 அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு, ஆட்டாமல் விட்டால் 9%, ஆட்டினால் 12% பக்கம். அதேபோல் மட்டமான சீசனுக்கும் வாய்ப்பு கூடும். 2025-ன் கடைசி இடத்துச் சென்னை போன்ற முடிவுகளைக் கணிப்புகள் நெருங்காமல் போவதற்கு இந்தப் படியைத் தவிர்ப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திறமையா, அதிர்ஷ்டமா

60% துல்லியம் உள்ளவர் 70-ல் சராசரியாக 42 சரியாகச் சொல்வார், நான்கு கூடக் குறைய. நாணயம் சுண்டுபவர் 35. ஆனால் நாணயம் சுண்டியே 42-ஐ எட்ட 6% வாய்ப்பு உண்டு. இருபது பேர் கொண்ட குழுவில் எல்லோரும் நாணயம்தான் சுண்டினார்கள் என்றாலும், யாராவது ஒருவராவது 42 எட்ட 71% வாய்ப்பு. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனியின் ஒரு மீன்காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னதும் இந்த ரகம்தான்: 256-ல் ஒன்று. உலகம் முழுக்க எத்தனை கிளி, எத்தனை ஆமையிடம் கேட்டிருப்பார்கள்!

எனவே அணியின் பெயரை மட்டும் வாங்காமல் சதவீதத்தையும் வாங்குங்கள். மதிப்பெண்ணுக்கு பிரையர் முறை: ஜெயித்தால் 1, தோற்றால் 0 என்று வைத்து, சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லா ஆட்டத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் நல்லது. 60% என்று சொல்லி அணி ஜெயித்தால் 0.16, தோற்றால் 0.36. 90% என்று அடித்துவிட்டுத் தோற்றால் 0.81, அந்த ஒரு ஆட்டமே பல நல்ல கணிப்புகளின் லாபத்தைத் தின்றுவிடும். எப்போதும் 50% சொல்பவருக்கு 0.25 கிடைக்கும். நிஜமாகவே 60% துல்லியம் உள்ளவருக்கு எதிர்பார்ப்பு 0.24. வித்தியாசம் அவ்வளவுதான்! அவரும் ஐந்தில் ஒரு சீசனில் 0.25-ஐ வெல்ல மாட்டார். ஒரே சீசனை வைத்து யாருக்கும் பட்டம் கட்ட முடியாது, மூன்று நான்கு சீசன் கோப்புகளைச் சேர்த்து வையுங்கள்.

வேறு தொடர்களுக்கு

கால்பந்தில் டிரா இருப்பதால் ஒரு லீக் ஆட்டத்துக்கு மூன்று முடிவு. 2022 உலகக் கோப்பையின் 48 குழு ஆட்டங்களுக்கு 3-ஐ 48 முறை பெருக்க வேண்டும். ஆட்டம் குறைவு என்றாலும், ஐபிஎல்லின் எழுபதைவிட 68 மடங்கு பெரிய எண் வரும். ஆனால் குழுவில் முதல் இருவரை மட்டும் கேட்டால் குழுவுக்கு 12 வழிகள்தான், எட்டுக் குழுவுக்கும் சேர்த்து சுமார் 43 கோடி. அந்த ஆண்டு அர்ஜென்டினா சவூதியிடம் 2-1 என்று தோற்றதைச் சொன்னவர் அரிது. ஆனால் குழுவில் அர்ஜென்டினா முதலிடம் என்று எழுதியவர்களுக்கு அந்தத் தோல்வியால் ஒன்றும் கெடவில்லை. ஒரு தவறு முழுக் கணிப்பையும் கொல்லாதபடி கேள்வியை அமைக்க இதுவே நல்ல மாதிரி.

நேர்மாறானது அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துத் தொடர். முதன்மைக் கட்டத்தில் 64 அணிகள், 63 நாக்-அவுட் ஆட்டங்கள். நாணயக் கணக்கில் 92,233 கோடி கோடியில் ஒன்று. முதல் சுற்றில் ஒருவரைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுகளில் அவர் பெயர் எழுதிய கட்டங்களெல்லாம் சேர்ந்து சாகும். 2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைத் தொடர்ந்து சரியாகச் சொல்லியிருந்தார். ஐம்பதாவதில் அவர் நம்பிய டென்னசி, கூடுதல் நேரத்தில் பர்டூவிடம் தோற்றது. இத்தகைய தொடருக்குக் கோப்பு போடும்போது பின்னோக்கி நிரப்புங்கள்: முதலில் சாம்பியன், பிறகு இறுதிக்கு வரும் மற்ற அணி, கடைசியாக முதல் சுற்று. பிந்தைய சுற்றுகளுக்கு மதிப்பெண் இரட்டிப்பாகும் குழுக்களில் முதல் சுற்று அதிர்ச்சிகளைத் துரத்துவதால் கிடைப்பது ஒரு புள்ளி. துரத்தப்போய் இழப்பது உங்கள் சாம்பியனாகவே இருக்கலாம்.